சிவிடி கியர்பாக்ஸை நாமளே கெடுக்கிற விதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஷெட்ல புதுசா சேர்ந்த பையன் ஒரு சிவிடி (கியர் படி படியா இல்லாம விகிதம் தொடர்ச்சியா மாறுற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வண்டிக்கு அடியில படுத்து பழைய ஆயிலை இறக்கிட்டு, புதுசு ஊத்துறதுக்கு கேன் மூடியைத் திருகிட்டு இருந்தான். நான் ஸ்பேனர் தேடி அந்தப் பக்கம் போனவன், கேனைப் பாத்ததும் அடிவயிறு கலங்கிடுச்சு. சாதா ஆட்டோமேட்டிக்குக்கு ஊத்துற ஏடிஎஃப். "டேய், இது எதுக்கு?"ன்னு கேட்டா, "ஆட்டோமேட்டிக் வண்டிதானே அண்ணே, ஆட்டோமேட்டிக் ஆயில்தான் ஊத்துறேன்"னு சொல்றான். திட்ட வாய் வரல. இதே வார்த்தையை இதே தெம்போட நானும் ஒரு காலத்துல சொல்லி, நம்பி வந்த ஒருத்தரோட வண்டியைக் கெடுத்திருக்கேன். அன்னிக்கு ராத்திரியே இதை எழுத உக்காந்துட்டேன்.

வண்டி ஓடும்போதே பார்க்குல தள்ளக் கூடாது, வார்னிங் லைட் எரிஞ்சா ஓட்டக் கூடாது, இதெல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, விட்டுடறேன். ஓரளவு விவரம் தெரிஞ்சவங்களே, நம்ம தொழில்ல இருக்கிற பசங்களே பண்ற தப்புகளை மட்டும் சொல்றேன்.

ஆட்டோமேட்டிக் ஆயில்தானேன்னு ஏதோ ஒண்ணை ஊத்துறது

இதைப் பத்தித்தான் நிறைய எழுதப் போறேன், ஏன்னா இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

சிவிடிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை மனசுல படமா ஓடிட்டா இந்தத் தப்பு வரவே வராது. ரெண்டு புல்லி, ரெண்டையும் சேத்து ஒரு எஃகு பெல்ட். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிரா பாத்துக்கிட்டு இருக்கிற ரெண்டு கூம்பு. ஆயில் பிரஷர்ல கூம்பு ரெண்டும் நெருங்கினா பெல்ட் வெளி விளிம்புப் பக்கம் ஏறும், விலகினா உள்பக்கம் இறங்கும். ஒரு புல்லியில ஏறும்போது இன்னொண்ணுல இறங்கும், இப்படியே விகிதம் வெட்டே இல்லாம மாறிக்கிட்டே போகுது. பெல்ட்னதும் ரப்பர்னு நினைச்சுக்காதீங்க, அது 1958ல வந்த டாஃப் கார் காலத்துக் கதை. இப்ப இருக்கிறது சில நூறு சின்னச் சின்ன எஃகுத் துண்டுகளை பேப்பர் மாதிரி மெல்லிசான எஃகு வளையங்கள்ல வரிசையா அடுக்கினது. துண்டு துண்டைத் தள்ளி, தள்ளுற விசையிலதான் இன்ஜினோட சக்தி சக்கரத்துக்குப் போகுது. சுபாரு மாதிரி சிலர் பெல்ட்டுக்குப் பதிலா செயின் வெச்சிருக்காங்க, ஆனா பிடிப்பு விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

அந்தப் பிடிப்புதான் மொத்த விஷயமும். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல பல்லு கிடையாது, கிளட்ச் பிளேட் கிடையாது, எஃகு மேல எஃகு, நடுவுல கண்ணுக்குத் தெரியாத அளவு ஆயில் படலம். இன்ஜின் ஆயில்னா வழுக்கினாத்தான் நல்லது. சிவிடி ஆயில் தேய்மானத்தையும் தடுக்கணும், அதே சமயம் எஃகும் எஃகும் வழுக்காமப் பிடிச்சு நிக்கவும் விடணும். அதுக்குன்னே தனியா மருந்து சேத்து செய்யறாங்க. ஏடிஎஃப் அப்படி இல்ல, அது உள்ள இருக்கிற ஈர கிளட்ச் பிளேட்டுங்க ஜெர்க் இல்லாம வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறதுக்காகச் செஞ்சது. தன் இடத்துல அது அருமையான ஆயில்தான். சிவிடில ஊத்தினா பெல்ட் நழுவும்.

என் கதைக்கு வர்றேன். தொழிலுக்கு வந்த புதுசு. 80,000 கிலோமீட்டர் ஓடின ஒரு வண்டி சர்வீசுக்கு வந்துச்சு, ஆயில் கறுத்திருந்துச்சு, நல்லது பண்றதா நினைச்சுத்தான் மாத்தினேன். கைல இருந்த கேன்ல "எல்லா ஆட்டோமேட்டிக் வாகனங்களுக்கும்"னு பெருசா போட்டிருந்துச்சு, அதுக்கு மேல நான் எதையும் படிக்கல. டெஸ்ட் டிரைவ் போனேன், வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. இதுதான் இந்தத் தப்போட கொடுமையே, அன்னிக்கே ஒண்ணும் தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு வண்டிக்காரர் வந்து, "சிக்னல்லேருந்து எடுக்கும்போது ஒரு மாதிரி அதிருது தம்பி"ன்னார். முப்பது நாப்பது கிலோமீட்டர் வேகத்துல லேசா ஆக்சிலேட்டர் கொடுத்தா கல்லு ரோட்ல போற மாதிரி ஒரு நடுக்கம். நான் ஸ்பார்க் பிளக்னு சொன்னேன், மாத்தினேன். இன்ஜின் மவுண்ட்னு சொன்னேன், அதையும் மாத்தினேன். ஒரு மாசத்துக்கு மேல இப்படியே ஓட விட்டுட்டேன், அந்த ஒரு மாசத்துல ஒவ்வொரு நாளும் உள்ள பெல்ட் புல்லியைத் தின்னுக்கிட்டே இருந்திருக்கு.

கடைசில பாக்ஸுக்கு அடியில இருக்கிற ஆயில் தட்டை, அதாவது பேனை இறக்கினா, இரும்புத் தூளைப் பிடிக்கிறதுக்கு அதுல வெச்சிருக்கிற காந்தம் ரெண்டும் முள்ளம்பன்றி மாதிரி இருந்துச்சு. காந்தத்துல சாம்பல் கலர்ல மை மாதிரி பசை ஒட்டியிருக்கிறது சகஜம், எல்லா வண்டிலயும் இருக்கும், அதைத் துடைச்சு வெச்சுட்டு போயிட்டே இருக்கலாம். இது வேற. விரல்ல எடுத்து லைட்ல காட்டினா மினுமினுன்னு செதில் செதிலா மின்னுச்சு. பாக்ஸைப் பிரிச்சேன். புல்லியோட கூம்பு முகம் புதுசுல கண்ணாடி மாதிரி இருக்காது, ஆனா ஒரே சீரா இருக்கும். இதுல வட்டம் வட்டமா கோடு. விரல் நகத்தை நடுவுலேருந்து விளிம்பு வரைக்கும் இழுத்தேன், டக் டக்குன்னு நாலஞ்சு இடத்துல நகம் மாட்டுச்சு. நகம் மாட்டுச்சுன்னா அந்தப் புல்லி முடிஞ்சுது. புது பெல்ட் போட்டாலும் அந்தக் கோடு புது பெல்ட்டையும் அரைச்சுடும். அந்தத் தூள் ஆயிலோட சுத்தி, ஆயில் பிரஷரை வேண்டிய இடத்துக்குத் திருப்பி விடற வால்வ் பாடிக்குள்ள போய் வால்வுகளை இறுக்கும், அப்புறம் பிரஷர் ஒழுங்கா வராது, பிரஷர் வரலைன்னா பெல்ட் இன்னும் நழுவும். ஒண்ணு ஒண்ணைக் கெடுத்துக்கிட்டே போகும்.

அவர் வந்து பாத்தார், ஒரு வார்த்தை திட்டல. "நீங்க ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி நல்லாத்தானே தம்பி ஓடுச்சு"ன்னு மட்டும் கேட்டார். வேற பாக்ஸ் என் செலவுல மாத்திக் கொடுத்தேன், பல மாசத்து வருமானம் அதுல போச்சு. காசு போனதைக்கூட மறந்துட்டேன், அந்தக் கேள்வி இன்னும் காதுல இருக்கு.

"தெரியாம ஊத்திட்டேன், இறக்கிட்டு சரியானதை ஊத்திடறேன்"னு சிலர் சொல்வாங்க. இன்ஜின் ஓடலைன்னா சரி, ஆனா ஓடிடுச்சுன்னா நிலைமை வேற. டிரெயின் பிளக்கைத் திறந்தா முழு ஆயிலும் வராது, இன்ஜினையும் பாக்ஸையும் ஆயில் மூலமா இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர்ல, கூலர்ல, வால்வ் பாடில எல்லாம் தங்கிடும். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கிற பாக்ஸ்ல 4 லிட்டர்தான் இறங்குதுன்னு வைங்க. ஒரு தடவை இறக்கி ஏத்தி ஓட்டினா தப்பான ஆயில் இன்னும் 4 லிட்டர் உள்ள இருக்கு, ரெண்டாவது தடவைக்கு அப்புறம் 2, மூணாவது தடவைக்கு அப்புறமும் 1 லிட்டர். அதனால ஒரு தடவை மாத்திட்டு சரியாயிடுச்சுன்னு வண்டியை வெளிய விடாதீங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் ஓட விட்டு, மூணு நாலு தடவை மாத்தணும், அதுவும் அதிர்வு வர்றதுக்கு முன்னாடி.

சிவிடி ஆயில்னு போட்டிருந்தாலே போதும்னும் நினைக்காதீங்க. நிஸான்ல என்எஸ்-2 கேக்குற பாக்ஸ் இருக்கு, என்எஸ்-3 கேக்குற பாக்ஸ் இருக்கு. ஹோண்டால எச்சிஎஃப்-2 கேக்குற வண்டியும் அதுக்கு முந்தின சிவிடி வண்டியும் ஒரே ஆயில் குடிக்காது. டொயோட்டால டிசின்னு ஒண்ணு, எஃப்இன்னு ஒண்ணு. வண்டியோட மேனுவல்ல என்ன எழுத்து போட்டிருக்கோ அதே எழுத்து கேன்ல இருக்கணும். நிறத்தை வெச்சு முடிவு பண்ணவே கூடாது, அது கம்பெனி சேக்கற சாயம்.

இதுல நேர்மாறா ஒரு பொறியும் இருக்கு. பிரியஸ் மாதிரி டொயோட்டா ஹைபிரிட்ல இருக்கிறதுக்கும் இ-சிவிடின்னுதான் பேரு, ஆனா அதுல பெல்ட்டும் கிடையாது, கூம்பும் கிடையாது, ரெண்டு மோட்டாரும் ஒரு பிளானட்டரி கியர் செட்டும்தான். அதுக்கு கம்பெனியே ஏடிஎஃப் டபிள்யூஎஸ்னு ஏடிஎஃப்தான் சொல்லுது. பேரைப் பாத்து அதுல சிவிடி ஆயிலை ஊத்தினவங்களும் இருக்காங்க. அதனாலதான் பசங்ககிட்ட பேரைப் பாக்காதே, மேனுவலைப் பாருன்னு கத்திக்கிட்டே இருக்கேன். இப்ப நம்ம ஷெட்ல ஆயில் ஊத்துறதுக்கு முன்னாடி மேனுவல் பக்கத்தையும் கேன் லேபிளையும் சேத்து வெச்சு ஒரு போட்டோ எடுக்கணும், போட்டோ இல்லாம மூடி திறக்கக் கூடாது.

ஆயில் அளவை ஆறின வண்டில பாக்குறது

நிறைய சிவிடில அளவு பாக்குற டிப்ஸ்டிக்கே கிடையாது, திறந்தா அதிகமான ஆயில் வழிஞ்சு வெளிய வர்ற ஓவர்ஃப்ளோ பிளக்தான். இறங்கினது 4 லிட்டர், ஏத்தினதும் 4 லிட்டர், முடிஞ்சுதுன்னு மூடிடறாங்க. ஏற்கனவே குறைவா இருந்திருந்தா? சூடானா ஆயில் விரியும், அதனால அளவு பாக்குறதுக்குன்னு ஒரு வெப்பநிலை இருக்கு, பல பாக்ஸ்ல 35லேருந்து 45 டிகிரிக்குள்ள. வண்டி சமதளத்துல நிக்கணும், இன்ஜின் ஓடணும், பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பி, ஆர், என், டின்னு ஒவ்வொரு நிலையிலயும் சில விநாடி வெச்சு எடுக்கணும், ஸ்கேனர்ல ஆயில் வெப்பத்தைப் பாத்துக்கிட்டே பிளக்கைத் திறக்கணும். நூல் மாதிரி ஒழுகி சொட்டுக்கு வரும்போது மூடிடணும்.

குறைஞ்சா வளைவுல திரும்பும்போது பம்ப் காத்தை உறிஞ்சும். அதிகமானாலும் கெடுதல்தான், சுத்துற பாகங்கள் ஆயிலை அடிச்சு நுரையாக்கிடும். நுரைன்னா காத்து, காத்தை அழுத்தினா சுருங்கும், பிரஷர் நிக்காது. சில பாக்ஸ்ல அந்த பிரஷர் 50 பாருக்கு மேலயும் போகும், அவ்வளவு அழுத்தத்துலதான் கூம்பு பெல்ட்டைக் கவ்விக்கிட்டு இருக்கு.

லைஃப்டைம் ஆயில்னு நம்பறது

விளம்பரத்துல மாத்தவே வேண்டாம்னு இருக்கும், மேனுவலோட பின்பக்கம் கடினமான உபயோகம்னு ஒரு அட்டவணை இருக்கும், அதைப் படிங்க. நின்னு நின்னு போற டிராஃபிக், வெயில், சுமை, மலை ஏத்தம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே நம்ம வண்டி கடினமான உபயோகம்தான். நான் 40,000லேருந்து 60,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துறேன், இருக்கிற ஃபில்டரையும் பாக்குறேன், காந்தத்தைத் துடைக்கிறேன். சில பாக்ஸ்ல பேனுக்குள்ள ஒரு ஸ்ட்ரெய்னர், கூலர் பக்கத்துல தனியா ஒரு சின்ன பேப்பர் ஃபில்டர்னு ரெண்டு இருக்கும், அந்த ரெண்டாவதை எல்லாரும் மறந்துடறாங்க. ஆயில் எவ்வளவு கெட்டிருக்குன்னு கம்ப்யூட்டரே கணக்கு வெச்சிருக்கிற வண்டின்னா மாத்தின கையோட ஸ்கேனர்ல அதைப் பூஜ்யம் ஆக்கிடுங்க.

அழுத்தம் கொடுத்து ஃப்ளஷ் பண்றது

வேண்டாம். அடியில படிஞ்சு கிடந்த தூளைக் கிளப்பி வால்வ் பாடிக்குள்ள தள்ளிடும்.

சக்கரம் தரையில இருக்க கட்டி இழுக்குறது

ஆயில் பம்ப் இன்ஜினாலதான் ஓடுது. இன்ஜின் நின்னுட்டா பிரஷரும் இல்ல, லூப்ரிகேஷனும் இல்ல, ஆனா சக்கரம் சுத்தினா உள்ள பாகங்களும் சேந்து சுத்தும். நியூட்ரல்ல போட்டுட்டோமேன்னு சொல்றது இங்க எடுபடாது. ஓட்டு சக்கரம் தரையைத் தொடக் கூடாது, நாலு சக்கரமும் ஓட்டற வண்டின்னா முழுசா மேல ஏத்தித்தான் கொண்டு வரணும். நல்லா இருந்த பாக்ஸ் ஷெட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்த வழியிலயே கெட்டுப்போய் வந்து சேர்ந்ததைப் பாத்திருக்கேன், வந்தது என்னவோ ஆல்டர்னேட்டர் வேலைக்கு.

சேத்துல மாட்டிக்கிட்டு முறுக்குறது

சக்கரம் வழுக்கி வேகமா சுத்தும்போது திடீர்னு கெட்டித் தரை கிடைச்சா அந்த அடி முழுசும் பெல்ட்டுக்குத்தான் போகும். இறங்கித் தள்ளுங்க.

பின்னாடி நகரும்போதே டி போடுறது

போடாதீங்க.

அதிர்வு வந்ததும் பாக்ஸ் போச்சுன்னு முடிவு பண்றது

நான் பண்ணதுக்கு நேர் எதிர்த் தப்பு இது, இதுவும் காசைக் கரைக்கும். அதிர்வுக்குக் காரணம் நிஜமாவே ஒரு சிலிண்டர் மிஸ் ஆகறதா இருக்கலாம், மவுண்ட் கிழிஞ்சிருக்கலாம், வெறும் ஆயில் பழசா இருக்கலாம். சில வண்டிக்கு கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தினதுலயே அதிர்வு போயிருக்கு. முதல்ல ஸ்கேனரைப் போட்டு எரர் கோடு, அதாவது வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்சிருக்கிற கோளாறு எண், ஏதாவது இருக்கான்னு பாருங்க. கோடு வந்தாலும் அதோட எண்ணை முழுசா படிங்க. நிஸான்ல பி17எஃப்0, பி17எஃப்1னு ரெண்டு இருக்கு, ரெண்டும் அதிர்வு கோடுதான், ஆனா ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. உள்ள கேமரா விட்டு பெல்ட்டைப் பாக்குற வசதி உள்ள பாக்ஸ்ல, பாத்துட்டு வால்வ் பாடி மட்டும் மாத்தினா போதுமா, முழு பாக்ஸும் மாத்தணுமான்னு முடிவு பண்ணலாம். பெல்ட் துண்டுகளோட ஓரம் ஒரே சீரா இருந்தா எனக்கு நம்பிக்கை வரும், கீறல் தெரிஞ்சா வண்டிக்காரரைக் கூப்பிட்டு அந்தப் படத்தை அவர் கண்ணுக்கே காட்டிடுவேன்.

வால்வ் பாடி மாத்தினா அதோட கேலிப்ரேஷன் டேட்டாவை கம்ப்யூட்டர்ல எழுதற வேலை பல வண்டிகள்ல இருக்கு. எழுதாம விட்டா புது பாகம் போட்டும் ஜெர்க் அடிக்கும், பாவம் பாகத்து மேல பழி விழும்.

இயல்பான சத்தத்தைக் கோளாறுன்னு நினைக்கிறது

புதுசா சிவிடி வாங்கினவங்க, "ஆக்சிலேட்டர் மிதிச்சா சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏறல, பெல்ட் வழுக்குது"ன்னு வருவாங்க. பெரும்பாலும் அது வழுக்கலே இல்ல. முழுசா மிதிச்சா இன்ஜினை அதிக சக்தி வர்ற ஆர்பிஎம்ல நிறுத்தி வெச்சுட்டு விகிதத்தை மட்டும் மாத்திக்கிட்டே போகும், முள் ஒரே இடத்துல நிக்க வேகம் மட்டும் ஏறும். அது அதோட குணம். நிஜமா வழுக்கினா எப்படி இருக்கும்னா, ஒரே சீரா லேசா மிதிச்சுக்கிட்டுப் போகும்போது காலை அசைக்காமலே ஆர்பிஎம் முள் விருட்டுன்னு மேல தாவி இறங்கும், வேகம் ஏறியிருக்காது. ஒரு தடவை அப்படிப் பாத்துட்டீங்கன்னா அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

நீண்ட ஏத்தத்துல திடீர்னு இழுவை குறைஞ்சு எவ்வளவு மிதிச்சாலும் ஆர்பிஎம் ஏற மாட்டேங்குதுன்னா ஆயில் சூடு அதிகமாகி பாக்ஸ் தன்னைத்தானே காப்பாத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தமா இருக்கலாம். ஓரமா நிறுத்தி ஆற விடுங்க, அப்புறம் ரேடியேட்டர் முன்னாடி, கூலர் முன்னாடி என்ன அடைச்சிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. பூச்சியும் தூசியும் அடைச்ச கூலர்தான் நான் அதிகமா பாக்குறது.

எல்லா சிவிடியும் குப்பைன்னு ஒதுக்குறது, எல்லாமே நல்லதுன்னு வாங்குறது

கெட்ட பேரு சும்மா வரல. நிஸான் அமெரிக்காவுல 2003லேருந்து 2010 வரைக்கும் வந்த சிவிடி மாடல்களுக்கு வாரன்டியை 10 வருஷம் அல்லது 1,20,000 மைல்னு நீட்டிக்க வேண்டி வந்துச்சு, சுபாருவும் அங்க பல மாடல்களுக்கு 10 வருஷம், 1,00,000 மைல்னு நீட்டிச்சுது. அதே நேரம், கிளம்பும்போதும் குறைஞ்ச வேகத்துலயும் பெல்ட்டுக்கு விழற சுமையைக் குறைக்கிறதுக்காக டொயோட்டா 2018ல தனியா ஒரு நிஜ கியரையே முன்னாடி வெச்சு புது சிவிடி கொண்டு வந்தாங்க. கிளம்பும்போது கியர், வேகம் எடுத்ததும் பெல்ட். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிச்சது, ஏன்னா பெல்ட் அதிகம் கஷ்டப்படற இடத்துல அதுக்கு ஓய்வு கொடுத்துட்டாங்க. அதனால சிவிடி எப்படின்னு மொட்டையா கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது. எந்த மாடல், எந்த வருஷம், எந்த பாக்ஸ், இதுவரைக்கும் என்ன ஆயில் குடிச்சிருக்கு, இது நாலும் வேணும்.

பழைய சிவிடி வண்டியை சூடா இருக்கும்போது ஓட்டிப் பாத்து வாங்குறது

விக்கிறவர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு சுத்து ஓட்டி வெச்சிருப்பார். பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் காலைல வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணி டி போட்டா எவ்வளவு நேரத்துல பிடிக்குதுன்னு பாருங்க, அப்புறம் 20லேருந்து 60 கிலோமீட்டர் வரைக்கும் லேசான மிதில, பாட்டை நிறுத்திட்டு, கண்ணாடியை ஏத்திட்டு ஓட்டுங்க. நடுக்கமும் ஊளைச் சத்தமும் அங்கதான் மாட்டும். அப்புறம் அரை மணி நேரம் ஓட்டி நல்லா சூடானதும் அதே மாதிரி இன்னொரு தடவை, ஏன்னா ஆயில் சூடாகி இளகினாத்தான் பிரஷர் குறையற பாக்ஸும் இருக்கு.

கடைசியா சர்வீஸ் பில்லைக் கேளுங்க. "கியர் ஆயில் மாத்தப்பட்டது"ன்னு ஒத்த வரி மட்டும் இருந்தா அந்த ஷெட்டுக்கே போன் போட்டு எந்த கேன், லேபிள்ல என்ன எழுத்துன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.